அந்த மரப்பெட்டிக்குள் இருப்பது வெள்ளியா, முலாமா?

இங்கிலாந்தின் லெஸ்டரில் இருந்து ஒரு வாசகி நீளமாக எழுதி, படங்களும் அனுப்பியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சந்தையில், அதாவது கார் டிக்கியில் வைத்துப் பழைய சாமான் விற்கும் சந்தையில், அறுபது பவுண்டு கொடுத்து ஒரு மரப்பெட்டி வாங்கியிருக்கிறார். உள்ளே நீல வெல்வெட், 44 உருப்படிகள், ஆறு பேருக்கான கத்தி, கரண்டி, முள்கரண்டி. விற்றவர் "விக்டோரியா ராணி காலத்து ஷெஃபீல்டு சில்வர்" என்றாராம். சில கரண்டிகளின் அடியில் மஞ்சளாகத் தெரிகிறது. அடுத்த வருடம் கணவர் பணி ஓய்வு பெறும் அன்று எட்டுப் பேரை அழைத்து, ஆங்கிலேய முறையில் மேசை போட்டு விருந்து வைக்க ஆசை. இது வெள்ளிதானா, திரும்ப முலாம் பூச வேண்டுமா, தந்தக் கைப்பிடி போட்ட மீன் கத்திகள் ஒரு கடையில் பார்த்தேன் வாங்கலாமா, இன்னும் என்ன வாங்க வேண்டும், மாமியார் விபூதி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார் சரியா என்று கேட்கிறார்.

வணக்கம் சகோதரி. நான் ஷெஃபீல்டில் இருபது வருடமாக இந்தப் பழைய மேசைச் சாமான்களை வாங்கி, சீர்செய்து, விற்கிறவன். உங்கள் படங்களைப் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தேன். அது வெள்ளி இல்லை, வெள்ளி முலாம். ஆனால் அறுபது பவுண்டுக்கு நீங்கள் ஏமாறவில்லை. விற்றவர் சொன்ன கதைதான் தப்பு, சாமான் நல்ல சாமான்.

கரண்டிக் காம்பின் பின்பக்கம் நான்கு குட்டிக் கேடயங்களுக்குள் நான்கு எழுத்துகள் இருக்கிறதே, அது ஈ.பி.என்.எஸ்., பக்கத்தில் இருப்பது ஏ1. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனிக் கட்டத்துக்குள் பழைய கோணல் எழுத்தில் அடித்திருப்பதால் சட்டென்று பார்க்க ஹால்மார்க் மாதிரியே இருக்கும். முலாம் சாமான் செய்த பல பட்டறைகள் அந்தச் சாயல் வரட்டும் என்றுதான் அப்படி அடித்தன. இங்கிலாந்தில் முத்திரை வாங்கிய பழைய ஸ்டெர்லிங் வெள்ளி என்றால் ஒரு காலைத் தூக்கி நடக்கிற சிங்கம் கட்டாயம் இருக்கும், கூடவே ஊர் முத்திரை இருக்கும்: லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு 1970களின் நடுப்பகுதி வரை கிரீடம், அதற்கப்புறம் ரோஜா. சிங்கத்தைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

ஈ.பி.என்.எஸ். என்பது எலக்ட்ரோ பிளேட்டட் நிக்கல் சில்வர். நிக்கல் சில்வரில் வெள்ளி ஒரு துளியும் கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலவை அது. அதற்கு இன்னொரு பெயர் ஜெர்மன் சில்வர். நம் ஊரில் சீமந்தத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் ரிட்டர்ன் கிஃப்ட்டாகக் கொடுக்கிறார்களே, அந்தக் குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம் எல்லாம் இதே பெயரில்தான் விற்கின்றன. அந்தக் கலவையின் மேல் மின்சாரம் பாய்ச்சி வெள்ளியைப் படிய வைத்தால் உங்கள் பெட்டியில் இருக்கும் சாமான். இந்த முறைக்குப் பர்மிங்காமின் எல்கிங்டன் குடும்பத்தார் 1840இல் காப்புரிமை வாங்கினார்கள், அதுவரை பெரும்பாலும் வசதியானவர்கள் வீட்டில் இருந்த மேசை அலங்காரம் அப்புறம் வக்கீல், டாக்டர், கடைக்காரர் வீடுகளுக்கும் வந்தது. ஏ1 என்பது அந்தந்தப் பட்டறை தன் சாமானுக்குத் தானே போட்டுக்கொண்ட தரம். அதைக் கேட்டுச் சரிபார்க்கச் சட்டம் எதுவும் இருந்ததில்லை, ஆனாலும் ஓரளவு தடிப்பான முலாம் என்று வைத்துக்கொள்ளலாம்.

விக்டோரியா காலம் என்றாரே, அதற்குப் பதில் உங்கள் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. கத்தியின் அலகில் ஸ்டெயின்லெஸ் என்று பொறித்திருக்கிறது பாருங்கள். துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி இதே ஷெஃபீல்டில் 1913இல்தான் உருக்கினார். ராணி இறந்தது 1901இல். சூப் கரண்டிகள் வேறு வட்டக் கிண்ணமாக இருக்கின்றன, விக்டோரியா காலத்தில் முட்டை வடிவப் பெரிய கரண்டியில்தான் சூப் குடித்தார்கள். ஆக உங்களுடையது இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம், அதைவிடப் பழசாக இருக்க வழியில்லை. எனக்கு இதில் சந்தோஷம்தான், ஏனென்றால் கார்பன் எஃகு அலகு போட்ட பழைய கத்திகளில் எலுமிச்சை பட்டால் கறுக்கும், மீனில் வாடை ஏறும், ஒவ்வொரு முறையும் துடைத்து எண்ணெய் தடவி வைக்க வேண்டும். விருந்து வைக்கிறவருக்கு உங்கள் கத்திகளே தோது.

"ஷெஃபீல்டு" என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் உண்டு, இனிமேல் சந்தைக்குப் போகும்போது உதவும் என்பதால் சொல்கிறேன். பழைய ஷெஃபீல்டு பிளேட் என்பது வேறு சாமான். 1740களின் தொடக்கத்தில் தாமஸ் போல்சோவர் என்ற கத்திப் பட்டறைக்காரர், வெள்ளித் தகட்டையும் செம்புப் பாளத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன, அப்புறம் அடித்தாலும் உருட்டினாலும் ஒரே உலோகம் போல நீள்கின்றன என்று கண்டுபிடித்தார். நூறு வருடம் அந்த முறையில் தட்டும் விளக்கும் செய்தார்கள். தகட்டை வெட்டினால் ஓரத்தில் நடுவே செம்புக் கோடு தெரியும் இல்லையா, அதை மறைக்க வெள்ளியை விளிம்புக்கு மேல் மடித்து விடுவார்கள். ஒரு மெழுகுவர்த்தித் தாங்கியின் அடி விளிம்பை நகத்தால் உள்ளிருந்து வெளியே மெதுவாக வருடினால் அந்த மடிப்பு தட்டுப்படும். ஒரு மயிரிழை மேடு, அவ்வளவுதான், ஆனால் ஒரு முறை நகத்தில் உணர்ந்துவிட்டால் மறக்காது. "ஷெஃபீல்டு பிளேட்" என்று ஆங்கிலத்தில் பெரிதாக முத்திரை அடித்திருந்தால் அது பெரும்பாலும் பிற்கால மின்முலாம். அசல் பழசு எங்காவது அகப்பட்டால் அதற்கு ஒருபோதும் புது முலாம் பூசாதீர்கள். அங்கங்கே செம்பு சிவந்து தெரிவதுதான் அதன் வயசு, அந்தச் சிவப்பை மூடிவிட்டால் விலையும் போய்விடும்.

இப்போது உங்கள் மஞ்சள் கறைக்கு வருவோம், இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நல்ல தடிப்பான முலாமே ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் இரண்டு மூன்று பங்குதான் இருக்கும், மலிவுச் சாமானில் அதிலும் கால்வாசி. அந்தத் தோல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் நீங்கள் வாங்குவதா, கழுவுவதா, தேய்ப்பதா, பட்டறைக்கு அனுப்புவதா எல்லாம் முடிவாக வேண்டும். கரண்டியைக் கவிழ்த்து, மேசையில் படுக்க வைத்தால் எந்த இடம் தரையில் படுமோ அந்த இடத்தைப் பாருங்கள். குதிகால் மாதிரி அங்கேதான் முதலில் தேயும். முள்கரண்டியில் பற்களின் முனை, பற்கள் வளையும் முதுகு. ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளுக்கு மேலே பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால், வெள்ளி இருக்கும் இடம் பால் போல வெளுத்திருக்கும், தேய்ந்த இடம் அழுக்குத் தண்ணீர் மாதிரி மஞ்சளும் சாம்பலுமாக இருக்கும், துணியால் எவ்வளவு துடைத்தாலும் நிறம் மாறாது. துடைத்ததும் மாறினால் அது வெறும் கறுப்பு, கவலையில்லை.

உங்கள் படத்தில் மூன்று கரண்டிகளும் ஒரு முள்கரண்டியும் அப்படித் தேய்ந்தவை, மற்றவை ஆரோக்கியமாக இருக்கின்றன. நான்கு உருப்படிக்காக முழுப் பெட்டியையும் முலாம் பட்டறைக்கு அனுப்ப வேண்டாம். புது முலாம் பூசிய நான்கு மட்டும் கண்ணாடி போலப் பளிச்சென்று நின்று மற்றவற்றைக் கிழடு தட்ட வைக்கும், எல்லாவற்றுக்கும் பூசினாலோ செலவு நீங்கள் பெட்டிக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு ஆகும். அதே வார்ப்பில் உதிரிக் கரண்டிகள் கிடைக்கும், அவற்றை வாங்கி மாற்றிவிடுங்கள். தேய்ந்ததைச் சமையலறையில் பரிமாற வைத்துக்கொள்ளலாம், ஆனால் நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டாம்.

பட்டறை பற்றி ஒன்று. என் தொழிலின் ஆரம்பத்தில் ஒரு தேநீர்க் கெண்டியை மூக்கு ஆடுகிறதே என்று ஒரு பட்டறையில் பற்றவைக்கக் கொடுத்தேன். அடியில் ஈ.பி.பி.எம். என்று இருந்ததை நானும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை. அது பிரிட்டானியா மெட்டல், வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலந்தது, சூட்டைத் தாங்காது. பற்றவைக்கும் சுடரில் மூக்கு அப்படியே வழிந்து போனது. அந்த அம்மா தன் பாட்டியுடையது என்று கொடுத்த கெண்டி அது. இன்றைக்கும் அந்த முகம் எனக்கு நினைவிருக்கிறது. அதனால் கெண்டி, பால் குடுவை வாங்கும்போது அடியைத் திருப்பி அந்த மூன்றாம் எழுத்து என்-னா, பி-யா என்று பாருங்கள். விரலால் தட்டினால் நிக்கல் சில்வர் மணி போல ஒலிக்கும், பிரிட்டானியா மெட்டல் மந்தமாக டொக்கென்று அடங்கும். பிரிட்டானியா மெட்டல் நசுங்கியிருந்தாலோ ஓட்டை இருந்தாலோ அதை விட்டுவிடுங்கள்.

தந்தக் கைப்பிடி மீன் கத்திகளை வாங்காதீர்கள். கைப்பிடி உண்மையான யானைத் தந்தம் என்றால் பிரிட்டனில் அதை விற்பதே இப்போது குற்றம். 2018ஆம் ஆண்டின் தந்தச் சட்டம் 2022 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. சில விலக்குகள் உண்டு, மேசைச் சாமானில் பெரும்பாலும் பொருந்துவது ஒன்றுதான்: 1947க்கு முன் செய்தது, மொத்த அளவில் தந்தம் பத்து சதவீதத்துக்கும் குறைவு என்றால் பதிவு செய்து விற்கலாம், கெண்டிக் கைப்பிடியில் வைக்கும் சின்னத் தந்த வளையம் போன்றவை அதில் அடங்கும். முழுக் கைப்பிடியும் தந்தமான கத்தி எங்கே அடங்கப் போகிறது. ஊருக்குக் கொண்டு போகலாம் என்ற எண்ணமும் வேண்டாம், எல்லை தாண்டினால் சிக்கல் இன்னும் பெரிது. அப்புறம், சந்தையில் தந்தம் என்று சொல்லப்படுவதில் நிறைய எலும்பும் செல்லுலாய்டும்தான். எலும்பில் புள்ளி புள்ளியாகக் குழிகள் இருக்கும், செல்லுலாய்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல ஒரே சீராக வரிகள் ஓடும். உங்கள் பெட்டியில் இருக்கும் கிரீம் நிறக் கைப்பிடிகள் செல்லுலாய்டு வகை, அதில் தவறு ஒன்றுமில்லை, நெருப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

எட்டுப் பேர் கணக்கு. ஆறு பேருக்கு ஆளுக்கு ஏழு உருப்படி, பரிமாற இரண்டு பெரிய கரண்டி, அதுதான் 44. இன்னும் இரண்டு பேருக்குப் பதினான்கு வேண்டும். உங்களுடையது ஓல்ட் இங்கிலிஷ் வார்ப்பு, காம்பு நுனி கீழ்ப்பக்கம் லேசாக வளைந்து எந்த அலங்காரமும் இல்லாமல் இருக்கும். இது அதிர்ஷ்டம். இந்த வார்ப்பை ஏறக்குறைய எல்லாப் பட்டறைகளும் செய்தன, மேப்பின் அண்ட் வெப் கரண்டிக்குப் பக்கத்தில் வாக்கர் அண்ட் ஹால் முள்கரண்டியை வைத்தாலும் கண் உறுத்தாது. கிங்ஸ் போன்ற சிப்பி வேலைப்பாடு வார்ப்பு என்றால் பட்டறைக்குப் பட்டறை பூ மாறும், ஜோடி சேர்க்கக் கஷ்டம். போகும்போது உங்கள் முள்கரண்டி ஒன்றையும் இனிப்புக் கரண்டி ஒன்றையும் கைப்பையில் எடுத்துப் போங்கள், ஏனென்றால் மேசை முள்கரண்டி சுமார் 20 சென்டிமீட்டர், இனிப்பு முள்கரண்டி 17, 18 இருக்கும், சந்தையில் தனியாகக் கிடக்கும்போது சின்னதே பெரிசு போலத் தெரியும், வீட்டுக்கு வந்து பக்கத்தில் வைத்தால்தான் உறைக்கும். நியூவார்க் பழம்பொருள் சந்தை உங்களுக்கு அதிக தூரமில்லை, சந்தை திறந்ததுமே போய்விடுங்கள். கண் பழக வேண்டும் என்றால் ஷெஃபீல்டு மில்லினியம் கேலரியின் உலோகப் பொருள் பிரிவை ஒரு மத்தியானம் சுற்றிப் பாருங்கள்.

ஹோட்டல் பெயரோ ரயில் கம்பெனி பெயரோ பொறித்த சாமானைப் பழசு என்று ஒதுக்காதீர்கள். நாள்தோறும் மூன்று வேளை புழங்கத் தடிப்பாகப் பூசிச் செய்தவை, விலையும் குறைவு. யாரோ ஒரு குடும்பத்தின் முதலெழுத்துகள் செதுக்கியிருந்தாலும் பரவாயில்லை, அதைத் தேய்த்து அழிக்கச் சொல்லாதீர்கள், எழுத்தோடு முலாமும் போய்விடும். எண்களை நம்பியும் ஏமாற வேண்டாம். ஜெர்மன் சாமானில் 90 என்று இருந்தால் 90 சதவீத வெள்ளி என்று அர்த்தமில்லை, ஒரு டஜன் முள்கரண்டி ஒரு டஜன் கரண்டிக்கு 90 கிராம் வெள்ளி பூசியது என்று கணக்கு. அமெரிக்கச் சாமானில் 1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ் என்று இருந்தால் அந்த 1847 பெயரின் பகுதி, செய்த வருடம் இல்லை.

கரண்டிகளுக்கு மேல் ஒரே ஒரு பெரிய சாமான் வாங்க முடியும் என்றால் மூடியுள்ள ஆன்ட்ரே டிஷ், அதாவது மேசையில் பரிமாறும் பாத்திரம், வாங்குங்கள், எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பிடித்த பொருள் அதுதான். செவ்வகமாகவோ முட்டை வடிவிலோ இருக்கும், மேலே ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியைப் பிடித்துக் கால் சுற்று திருப்பித் தூக்கினால் கையோடு வந்துவிடும், மூடியை மல்லாத்தி வைத்தால் அது இன்னொரு பாத்திரம். ஒன்று வாங்கினால் இரண்டு. வாங்கும் முன் கடைக்காரர் எதிரிலேயே கைப்பிடியைக் கழற்றி மாட்டிப் பாருங்கள், இரண்டு செட் கலந்து போய்ச் சரியாகப் பூட்டாத கைப்பிடிகள் நிறைய உண்டு. அப்புறம் உப்புக் கிண்ணம், உள்ளே நீலக் கண்ணாடி இருக்கிறதா என்று பார்த்து. உப்பு முலாமை அரித்துப் பச்சைப் புள்ளி விழ வைக்கும், அதற்காகத்தான் அந்தக் கண்ணாடி. இரண்டு மெழுகுவர்த்தித் தாங்கி. மீன் பரிமாறப் போகிறீர்கள் என்றால் மட்டும் மீன் கத்தி, மீன் முள்கரண்டி எட்டு ஜோடி, அதுவும் முலாம் அலகு உள்ளதாக. திராட்சைக் கத்தரிக்கோல், மஜ்ஜைக் கரண்டி, ரொட்டித் தூள் வாரி எல்லாம் பார்க்க அழகு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மேசையில் வலப்பக்கம் கத்தி, சூப் கரண்டி, கத்தியின் கூர் தட்டைப் பார்த்து. இடப்பக்கம் முள்கரண்டிகள். முதலில் சாப்பிடுவது வெளியே, கடைசியில் சாப்பிடுவது தட்டை ஒட்டி. இவ்வளவுதான் விதி. சூப்புக்கு என்ன செய்வது என்று யோசித்தால் தயங்காமல் மிளகுத்தண்ணி வையுங்கள். ஆங்கிலேயர்கள் நம் ஊரிலிருந்து எடுத்துப் போய் மல்லிகடானி என்று பெயர் வைத்து இரண்டு நூற்றாண்டாகத் தங்கள் மேசையில் பரிமாறிய சூப் அது, உங்கள் வட்டக் கரண்டிக்கு அதைவிடப் பொருத்தமாக எதுவுமில்லை.

மாமியார் சொன்ன விபூதி. அவர் அனுபவத்தில் சொல்வது சரி, வீட்டுக் குத்துவிளக்கும் பஞ்சபாத்திரமும் கெட்டி வெள்ளி என்றால் விபூதியில் தேய்த்தால் பளபளக்கும், கொஞ்சம் வெள்ளி போனாலும் உள்ளேயும் வெள்ளிதான். முலாமில் உள்ளே நிக்கல். விபூதி, பல்பொடி, பற்பசை எல்லாமே உரசிச் சுரண்டும் பொடிகள், பத்துத் தீபாவளிக்குள் தோல் முழுக்கப் போய்விடும். அவரிடம் பொறுமையாக இதைச் சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்வார். அலுமினியத் தாள் விரித்து, வெந்நீரில் சோடா உப்பு கலந்து அமிழ்த்தும் முறை கறுப்பைத் திரும்ப வெள்ளியாக்கும், வெள்ளியைச் சுரண்டாது, உண்மைதான். ஆனால் வேலைப்பாட்டின் இடுக்கில் இருக்கும் நிழலையும் சேர்த்துக் கழுவிவிடும், அதைவிட, கத்திகளை அதில் போட்டால் கைப்பிடிக்குள் அரக்கு உருகி அலகு கழன்று வந்துவிடும். வழவழப்பான கரண்டிகளுக்கு மட்டும், வருடத்துக்கு ஒரு முறை, போதும். டிஷ்வாஷர் கூடவே கூடாது.

கறுப்பு எங்கிருந்து வருகிறது தெரியுமா, கந்தகத்தில் இருந்து. முட்டை, வெங்காயம், ரப்பர் பேண்டு, கம்பளித் துணி, செய்தித்தாள். கட்டுக் கட்டாக ரப்பர் பேண்டு போட்டுச் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வைப்பார்கள், பத்து வருடம் கழித்து எடுத்தால் ரப்பர் இருந்த இடத்தில் கறுப்பு வளையம் முலாமுக்குள் இறங்கியிருக்கும், அதை எடுக்கவே முடியாது. அமிலம் நீக்கிய மெல்லிய தாளில் சுற்றி வைக்கலாம். ஆனால் நான் உங்களிடம் கெஞ்சிக் கேட்பது, சுற்றி வைக்காதீர்கள், எடுத்துப் புழங்குங்கள். ஞாயிறு சாப்பாட்டுக்கு, மாலைத் தேநீருக்கு. இளஞ்சூட்டு நீரில் சோப்புப் போட்டுக் கழுவி உடனே பருத்தித் துணியால் துடைக்கும் கரண்டி கறுப்பதே இல்லை, கறுக்காத கரண்டிக்குப் பாலிஷ் வேண்டாம், பாலிஷ் போடாத கரண்டியின் முலாம் உங்கள் பேத்தி காலம் வரை வரும். பெட்டிக்குள் பூட்டி வைத்து வருடத்துக்கு ஒரு தடவை பண்டிகைக்குத் தேய்க்கிற சாமான்தான் சீக்கிரம் தேய்ந்து என் கடைக்கு வருகிறது.

விருந்தன்று உப்பைக் கிண்ணத்தில் இருந்து அன்றிரவே கொட்டிவிடுங்கள். கரண்டிகளைத் தொட்டியில் ஊறப் போட வேண்டாம், கத்திகளை ஒரு ஜாடியில் அலகு மட்டும் நனையும்படி நிற்க வையுங்கள். அப்புறம், மிச்சம் மீதியை வழித்துக் குப்பைப் பையைக் கட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் எண்ணிவிடுங்கள். என்னிடம் உதிரிக்காக வருகிறவர்கள் அதிகம் கேட்பது டீஸ்பூன்தான், அவை தொலைவது எச்சில் தட்டோடு போய்த்தான். எட்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பையைக் கட்டுங்கள்.